வேலாயி நேராகப் பார்க்கிற படம்

படம் எடுக்கிறவர்கள் மேல் வேலாயிக்கு இருந்த கோபம் ஒரு நாளில் வந்ததல்ல. ஆனால் அது தலைக்கேறியது சண்முகவடிவின் கருமாதி அன்றைக்குத்தான்.

சண்முகவடிவு காலமெல்லாம் அவளுக்குப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறித்தவள். லிந்துலைக்கு மேலே, ரோட்டை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில் இருவருக்கும் ஒரே லயத்தில் வீடு. நடுவில் ஒரு சுவர்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனவள், மத்தியானம் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அழுது ஓய்ந்த பிறகு வீட்டுக்காரர்கள் படம் தேடினார்கள். சுவரில் மாட்டி மாலை போட ஒரு படம் வேண்டுமே. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் புகைமூட்டமாக வந்தது. கடைசியில் மகன் ஆண்டியப்பன் தன் போனில் ஒன்றைக் கண்டுபிடித்தான். எவரோ வெள்ளைக்காரர் ரோட்டில் நின்று எடுத்தது, வேன் டிரைவர் ஒருவர் மூலமாக அவனுக்கு வந்திருந்தது.

படம் என்னவோ துல்லியம்தான். வந்தவர்கள் எல்லாரும், உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது என்றார்கள். வேலாயிக்குப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. தலையில் கயிறு, முதுகில் கொழுந்துச் சாக்கு. மேலிருந்து எடுத்ததால் நெற்றி பெரிதாகவும் உடம்பு சூம்பிப்போயும் தெரிந்தது. முகத்தை அண்ணாந்து, பல்லைக் காட்டிக்கொண்டு, உயரத்தில் நிற்கிற யாரிடமோ எதையோ கேட்கிறவள் மாதிரி நின்றாள் சண்முகவடிவு. வாழ்ந்த காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரு பிடி உப்புக்கூடக் கேட்டு வாங்காதவள் அவள்.

“செத்தப்புறமும் அவள சாக்க எறக்கி வைக்க விடமாட்டீங்களாடா?” என்று வேலாயி கேட்டேவிட்டாள்.

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டு, “இது ஒண்ணுதான் இருந்திச்சி பெரியம்மா,” என்றான். அவனும் பாவம், என்ன செய்வான்?

குற்றமெல்லாம் அந்த ரோட்டுடையது என்று வேலாயி நினைத்தாள். அவர்கள் பறிக்கிற மலைக்கு மேலேதான் அது வளைந்து போகிறது. நுவரெலியாவுக்குப் போகிற வேன்கள் அந்த வளைவில் கட்டாயம் நிற்கும். இறங்குவார்கள், தடுப்பில் சாய்வார்கள், கீழே பார்த்துக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் மனுஷி நிமிர்ந்து பார்க்கமாட்டாளா? நிமிர்ந்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எத்தனை நாட்டில், எத்தனை பேர் போனில் தான் இப்படி அண்ணாந்து நிற்கிறோமோ என்று நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவராவது இரண்டு நிரை இறங்கி வந்து, எதிரே நின்று, முகத்துக்கு முகம் பார்த்து எடுத்தது கிடையாது. காலில் அட்டை ஏறும், சேறு ஒட்டும், அதுவும் சரிதான். மலைச்சரிவில் ஒருவர் கண்ணுக்கு நேரே நிற்பது லேசான காரியமா? ஓரடி மேலே நின்றால் நீங்கள் உசத்தி, ஓரடி கீழே நின்றால் அவர் உசத்தி.

அது வெளியூர்க்காரர் சமாசாரம். வீட்டுக்குள்ளேயே அவளுக்கு ஒரு வயிற்றெரிச்சல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவள் புருஷன் மாயாண்டியின் படம்.

மாயாண்டி போய்ப் பல வருஷமாகிறது. அவனுக்கும் தனிப்படம் என்று ஒன்று இருந்ததில்லை. தோட்டத்து விழா ஒன்றில் மேடைமேல் நின்ற துரையின் கையால் சுவர்க்கடிகாரம் வாங்கியபோது எடுத்த படம்தான் இருந்தது. டவுன் ஸ்டூடியோவில் துரையை வெட்டி எறிந்துவிட்டு மாயாண்டியை மட்டும் பெரிதாக்கினார்கள். யாரும் கேட்காமலே அவனுக்கு ஒரு கறுப்புக் கோட்டும் டையும் போட்டுவிட்டார்கள். துரை போய்விட்டார். மாயாண்டி மட்டும் இன்னும் துரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் பார்வை வேலாயியின் தலைக்கு மேலே போய்க் கூரைத் தகரத்தில் நிலைகுத்தி நிற்கிறது.

மகள் ஓ.எல். பரீட்சையில் பாஸான செய்தியை வேலாயி ஓடிவந்து அந்தப் படத்திடம் சொன்னாள்; அவன் தகரத்தைப் பார்த்தான். முதுகுவலி தாங்காமல் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள்; அப்போதும் தகரத்தைத்தான் பார்த்தான். ஆணியைத் தளர்த்திப் படத்தை முன்னால் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் முழங்கால் உயரத்துக்கு இறக்கி மாட்டினாள். அப்போது ஏறக்குறைய அவளைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கோழி கெடுத்தது. வந்து மாலையைக் கொத்திப் பிய்த்துப் போட்டுவிட்டது. அதே நேரம் பார்த்து நாத்தனார் மீனம்மா உள்ளே நுழைந்தாள். செத்த மனுஷனை எவளாவது தரையில் உட்காரவைப்பாளா என்று ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்துவிட்டு, தன் கையாலேயே படத்தைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டுப் போனாள்.

கருமாதிச் சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்த வேலாயி மாயாண்டியை ஒரு பார்வை பார்த்தாள். தனக்கும் இதே கதிதான் என்று அப்போது உறைத்தது. அவளுக்கு ஒரே மகள், சுதர்ஷினி. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. நாளைக்குத் தனக்கு ஒன்று என்றால், அந்தப் பிள்ளை இந்தக் கதவைத் திறந்துகொண்டு தனியாக வந்து நிற்கும். அப்பன் கூரையைப் பார்ப்பான், ஆத்தாள் ரோட்டைப் பார்ப்பாள். பெற்ற இரண்டு பேரில் ஒருவர்கூடப் பிள்ளை முகத்தைப் பார்க்காவிட்டால் அது என்ன வீடு? கண் மூடுவதற்குள் நேராகப் பார்க்கிற படம் ஒன்று எடுத்து வைத்துவிட வேண்டும் என்று வேலாயி அன்றைக்கே முடிவு செய்தாள்.

போன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வீடியோவில் மகளோடு பேசும்போது வேலாயி அதை மடியில் வைத்துக்கொள்வாள். அந்தப் பக்கத்தில் அம்மாவின் நாடியும் தகரமும்தான் தெரியும். கொஞ்சம் உயர்த்துங்கள் என்று மகள் சொன்னால் ஒரேயடியாக உயர்த்துவாள். அப்போது நெற்றி மட்டும் தெரியும். அந்தக் கையை நம்பி ஒரு காரியமும் ஆகாது என்று அவளுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் திருவிழாவுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். போனது கோட்டுப் போட்டுக் கொடுத்த அதே ஸ்டூடியோவுக்குத்தான். டவுனில் வேறு இல்லை. பழைய முதலாளி இப்போது இல்லை. மகன் ஸுஹைர் நடத்துகிறார். அவர் வாப்பாவின் மேசைக்கடியில் விளையாடிய வயதிலிருந்தே வேலாயி அவரைப் பார்த்திருக்கிறாள், ஆனாலும் முதலாளி முதலாளிதானே. என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னாள். ஸுஹைர் நல்ல மனுஷர். சாவு கீவு என்று இப்போது ஏன் பேசுகிறீர்கள் என்று கடிந்துகொண்டார். கேமராவைக் கண்ணுக்கு நேராக வைத்தால் படம் தானாக நேராகப் பார்க்கும், அதற்கு இவ்வளவு யோசனை எதற்கு என்றும் சொன்னார்.

முதல் படத்தில் அவர் வழக்கமாக பாஸ்போட்டுப் படத்துக்கு நிற்கிறபடி நின்று எடுத்துவிட்டார். ஆள் உயரம், ஸ்டூல் பள்ளம். திரையில் பார்த்தால் சண்முகவடிவு. சாக்கு ஒன்றுதான் குறைச்சல் என்று வேலாயி சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே கேமரா நிற்கிற முக்காலியின் கால்களைச் சுருக்கி, கேமராவின் கண்ணாடி அவள் கண்ணுக்குச் சரிநேராக வரும்வரை இறக்கினார். எடுத்தார். இந்தத் தடவை முகம் நேராக இருந்தது. கண் மட்டும் மேலே போயிருந்தது.

திரும்பவும் மேலேயிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று வேலாயி முகத்தைச் சுளித்தாள். ஸுஹைருக்கும் சுருக்கென்றது. கையை நீட்டி அவள் கண்ணுக்கும் கேமராவுக்கும் நடுவே மட்டம் பிடித்துக் காட்டினார். கேமரா சரியான இடத்தில்தான் இருக்கிறது, நீங்கள்தான் அதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறீர்கள் என்றார். அது உண்மைதான். கேமராவுக்குப் பின்னால் மனுஷர் நின்றுகொண்டிருக்கிறார். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் இரும்புப் பெட்டியையா பார்ப்பார்கள்?

சரி, கண்ணாடியையே பார்க்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டும் இருந்தாள். “ரெடியாம்மா?” என்று குரல் வந்ததுதான் தாமதம், கண் இரண்டும் குரல் வந்த பக்கம் ஏறிவிட்டன. மறுபடியும் எடுத்தார், மறுபடியும் ஏறின. சொந்தக் கண் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? அவளுக்கு அழுகை முட்டியது.

பார்த்தார் ஸுஹைர். நானே கீழே வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் தரையில் முழங்காலிட்டார். வேலாயி ஸ்டூலை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். உட்காருங்கள் என்று அவர் கெஞ்சினார். முதலாளி தரையில் கிடக்க நான் ஸ்டூலில் உட்காரவா, எனக்கு உடம்பு கூசுகிறது என்று அவள் மறுத்தாள். அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டுச் சமமாக உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். ஆனால் முதுகு தன்பாட்டில் வளைந்தது, கழுத்து உள்ளே போனது, புருவத்துக்கு அடியிலிருந்து கண் மேலே பார்த்தது. அவர் கேமராவை இன்னும் கொஞ்சம் இறக்கினார். அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். இரண்டு பேரும் தரைக்குப் போகப் போட்டி போடுகிற மாதிரி இருந்தது. போட்டோகொப்பி எடுக்க நின்றிருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்னொரு நாள் கூட்டமில்லாத நேரத்தில் வாருங்கள் என்று ஸுஹைர் அவளை அனுப்பிவைத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு ஸுஹைர் மேல் கோபமில்லை, ரோட்டின் மேலும் இல்லை. எல்லாம் தன் மேலேயே திரும்பியிருந்தது. வேலாயி ஒன்றும் வாயில்லாப் பூச்சி அல்ல. லயத்தில் அவள் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள். கொழுந்து நிறுக்கிற கண்டாக்கு ஒரு கிலோவைக் கழித்தால், அவள் போடுகிற சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும். அந்த வாரம் முழுதும் அவள் தன்னைத்தானே வேவு பார்த்தாள். கண்டாக்கோடு சண்டை போட்டாள்; வாய்தான் போட்டது, கண் தராசிலேயே இருந்தது. கங்காணி மேல்பாதையில் நின்று கூப்பிட்டார், நிமிர்ந்தாள். கடைக்காரர் உயரமான பலகைக்குப் பின்னாலிருந்து கேட்டார், நிமிர்ந்தாள். வேனில் வந்த யாரோ ரோட்டில் நின்று கை காட்டினார். நிமிரக் கூடாது என்று வீம்பாகக் கொழுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கழுத்து வலித்தது, கடைசியில் நிமிர்ந்தேவிட்டாள். ஒன்று மேலே, இல்லாவிட்டால் கீழே. நடுவில் ஒரு பார்வை இருக்கிறது என்பதே இத்தனை வருஷத்தில் அவள் கண்ணுக்குப் பழக்கமில்லாமல் போயிருந்தது. கேமராவைக் குறை சொன்னபோது ஆறுதலாகவாவது இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு நல்ல மழை. ஸ்டூடியோவில் ஈ காக்கை இல்லை. ஸுஹைர் எல்லாம் யோசித்துத் தயாராக வைத்திருந்தார். இரண்டு ஸ்டூல்களை எதிரெதிரே போட்டிருந்தார். தான் உட்காரும் ஸ்டூலுக்குப் பக்கத்தில், தன் கன்னத்தோடு ஒட்டினாற்போலக் கேமராவை நிறுத்தியிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தாலும் கேமராவைப் பார்த்த மாதிரியே விழும். பட்டனை ஒரு வயரில் இழுத்துக் கையில் வைத்திருந்தார். ஏற்பாடு பிரமாதம். வேலாயியும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ஆனால் அவர் பட்டனைத் தொட்டதும் கண் விட்டத்துக்குப் போயிற்று, இல்லாவிட்டால் மடிக்கு வந்தது. எடுத்து எடுத்து மனுஷர் களைத்துப்போனார். முகம் துடைத்த கைலேஞ்சியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு வழி இருக்கிறது என்றார்.

“கண்ண மட்டும் மாத்தி வெக்கலாம்மா. வேற ஒரு அம்மாட படம் கம்பியூட்டர்ல ஈக்குது, நல்லா நேரா பாக்குறாங்க. ஒங்கட மூஞ்சிக்கு அளவாப் பொருந்தும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கலியாணப் படங்களில் கண்ணை மூடியிருக்கிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் திறந்துவைக்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டதும் வேலாயிக்குள் என்ன நடந்ததென்று சொல்ல முடியாது. முதலாளி, மரியாதை, ஸ்டூல், கேமரா எல்லாம் மறந்துபோயிற்று.

“யாரு கண்ண யாருக்குடா வைக்கிற?” என்றாள். “ஒங்க வாப்பா எங்க மனுசனுக்கு ஒரு வார்த்த கேக்காம கோட்ட மாட்டிவிட்டாரு. அந்தாளு பொறந்ததுலேர்ந்து கோட்டு போட்டதில்ல. தொலையட்டும்னு இருந்தேன். இப்ப எவளோ ஒருத்தி கண்ண வச்சி எம்புள்ளையப் பாக்கச் சொல்றியா? கோணலோ மாணலோ, எம்புள்ளைய நாந்தான் பாக்கணும்.”

ஸுஹைர் கம்பியூட்டர் திரையை மெதுவாக அவள் பக்கம் திருப்பினார். பேச்சின் நடுவில் எப்போது பட்டனை அழுத்தினார் என்று அவளுக்குத் தெரியாது.

திரையில் ஒரு மனுஷி இருந்தாள். நெற்றியில் இரண்டு கோடு, வாய் பாதி திறந்து, மூக்குத்தி பக்கம் கொஞ்சம் கோணி, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கண் இரண்டும் நேராக இருந்தன. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கோபமாக இருக்கிறது, அழித்துவிட்டு வேறு எடுக்கலாம் என்று ஸுஹைர் சங்கடத்தோடு சொன்னார். வேலாயி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். எழுந்து இந்தப் பக்கம் நடந்து பார்த்தாள். அந்தப் பக்கம் போய்க் கதவோரம் நின்று பார்த்தாள். எங்கே போனாலும் படம் அவளை விடவில்லை. அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அதைத் தன் போனில் ஏற்றி மகளுக்கு அனுப்பச் சொன்னாள். ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம், படம் மட்டும் போகட்டும் என்றாள்.

படம் போன சூட்டோடு போன் அடித்தது. ஸுஹைர்தான் பட்டனை அழுத்தி, சத்தத்தைக் கூட்டிக் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் துணிக்கடை இரைச்சல். பிறகு சுதர்ஷினியின் குரல், சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி ஒடுங்கி வந்தது.

“அம்மா, யாரு சொன்னா?”

வேலாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேசாமல் நின்றாள். அந்த மௌனம் மகளுக்குப் போதுமாக இருந்தது. தீபாவளிக்குக் கடையில் லீவு தரவில்லை என்று தான் சொன்னது பொய் என்று அவள் கொட்டிவிட்டாள். லீவு கிடைத்ததாம். கூட வேலை செய்கிற பிள்ளைகளோடு காலி டவுன் கடற்கரைக்குப் போய்விட்டாளாம். அம்மா சுட்டு பஸ்ஸில் அனுப்பிய முறுக்கை அங்கே மணலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்களாம்.

தீபாவளியன்று யாருமில்லாத வீட்டில் ஒற்றையாக எண்ணெய் வைத்துக் குளித்தது வேலாயிக்கு ஞாபகம் வந்தது. அடி பாவி என்று கத்தத் தோன்றியது. கத்தியும் இருப்பாள். ஆனால் அதற்குள் வேறொன்று உறைத்துவிட்டது. கொழும்பில் அவ்வளவு சனத்துக்கு நடுவில் நிற்கிற பிள்ளையை, இங்கே லிந்துலையில் நின்றுகொண்டு அவள் பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துவிட்டாள்.

“இதுதான் தம்பி,” என்று ஸுஹைரைப் பார்த்துச் சொன்னாள். “இதையே பெருசாக்கிருங்க. ஒண்ணும் கை வைக்காதீங்க.”

பிறகு போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எப்போது வருகிறாய் என்று மட்டும் மகளைக் கேட்டாள்.

“வர்ற வாரமே வர்றேன்,” என்றாள் சுதர்ஷினி. அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. “அப்பிடிப் பாக்காதீங்கம்மா.”